பஞ்சத்தில் தேறிய குழந்தைகள்

பஞ்சம் என்றால் என்ன என்பதை நம் நாட்டாருக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. பஞ்ச காலத்தில் முதலில் வாடுகிறவர்கள் குழந்தைகள். அவர்களிலும் ஏற்கெனவே நோயுற்று மெலிந்த குழந்தைகள் உயிர் தப்புவது அரிதினும் அரிது. இது உலகறிந்த நியாயம். ஆனால் 1944-ஆம் வருஷக் குளிர்காலத்தில் ஹாலந்து தேசத்தில் இந்த நியாயத்துக்கு நேர் விரோதமான காட்சி ஒன்றை ஒரு வைத்தியர் கண்டார். ஊரெங்கும் ஜனங்கள் பசியாலும் குளிராலும் மடிந்துகொண்டிருந்தார்கள். அவருடைய ஆஸ்பத்திரியிலோ, மாதக்கணக்கில் தேறாமல் கிடந்த ஒரு வகை நோயாளிக் குழந்தைகள், வயிறாரச் சோறில்லாத அந்த நாட்களிலேயே முகம் தெளிந்து, வயிற்றுப் போக்கு நின்று, மெல்ல மெல்ல உடம்பு பெறத் தொடங்கினார்கள்!

அந்த வைத்தியரின் பெயர் வில்லெம் காரெல் டிக்கே. ஹேக் நகரத்தில் ஜூலியானா குழந்தைகள் ஆஸ்பத்திரியின் தலைமைப் பொறுப்பை 1936-இல், தம்முடைய முப்பத்தொன்றாவது வயதில் ஏற்றவர்.

1944 செப்டம்பரில் நேச நாட்டுப் படைகள் ஹாலந்துக்குள் நுழைய முயன்றபோது, அவர்களுக்கு உதவியாக டச்சு ரெயில்வே ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்குப் பழி வாங்கும் முறையில், தேசத்தைப் பிடித்து வைத்திருந்த ஜெர்மானியர் மேற்குப் பகுதி நகரங்களுக்கு உணவுப் பொருள்கள் போகாதபடி தடுத்தனர். கால்வாய்கள் உறைந்துபோனபடியால், தடை தளர்ந்த பிறகும் படகுகள் செல்ல வழியில்லை. ஆம்ஸ்டர்டாம், ராட்டர்டாம், ஹேக் முதலிய நகரங்களில் ஓர் ஆளுக்கு அளந்து கொடுத்த ரேஷன் ஆகாரம் நாளொன்றுக்கு ஆயிரம் கலோரிக்கும் கீழே இறங்கியது; பின்னர் அதிலும் பாதியாயிற்று. ஜனங்கள் சர்க்கரைக் கிழங்கையும், தோட்டத்தில் பூவுக்காக நடுகிற டியூலிப் கிழங்கையும் வேக வைத்துத் தின்றார்கள். ஏறக்குறைய இருபதினாயிரம் பேர் இறந்தார்கள். அந்தப் பருவத்துக்கு டச்சுக்காரர்கள் "பசிக் குளிர்காலம்" என்றே பெயரிட்டிருக்கிறார்கள்.

அந்த நாட்களில் மற்ற எல்லாப் பொருளையும்விட அருமையாகிப் போனது ரொட்டி. கோதுமை வரத்து அநேகமாக நின்றுவிட்டது. ரொட்டி கிடைக்காத அந்தக் காலத்தில்தான் டிக்கேயின் குழந்தைகள் தேறினார்கள். யுத்தம் முடியும் தறுவாயில், 1945 ஏப்ரல் கடைசியில், நேச நாட்டு விமானங்கள் மாவும் மற்ற உணவுப் பொருள்களும் கொண்டுவந்து போட்டன. தேசம் முழுவதும் ஆனந்தக் கண்ணீர் வடித்தது. மீண்டும் ரொட்டி தின்னத் தொடங்கிய இந்தக் குழந்தைகளோ மறுபடியும் படுக்கையில் விழுந்தார்கள்.

வயிற்றைப் பற்றிய நோய்

இந்த நோய்க்கு "ஸீலியாக்" என்று பெயர். வயிறு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. கப்பதோக்கியாவைச் சேர்ந்த அரீட்டேயஸ் என்ற புராதன கிரேக்க வைத்தியரே இதைப் போன்ற ஒரு நோயை வர்ணித்திருக்கிறார்.

குழந்தை பிறந்த சில மாதங்கள் நன்றாகவே இருக்கும். தாய்ப்பாலோடு கூடக் கோதுமைக் கஞ்சியோ ரொட்டியோ கொடுக்கத் தொடங்கிய சில காலத்துக்குப் பின், சிரித்து விளையாடிய குழந்தை சிடுசிடுக்கும். மலம் வெளுத்து, எண்ணெய்ப் பசையுடன், மிகுதியாகவும் துர்நாற்றத்துடனும் போகும். வயிறு பானை போல் உப்பும். கை கால்கள் குச்சியாக மெலியும். பிட்டத்துச் சதை வற்றித் தோல் தொங்கும். வயது ஏறும், உயரம் ஏறாது. முற்காலத்தில் இப்படிப்பட்ட குழந்தைகளில் பலர் பள்ளிக்கூட வாசலை மிதிக்காமலே போனார்கள். குழந்தைக்குப் பலம் வரவேண்டும் என்று தாய் இன்னும் கொஞ்சம் ரொட்டியைப் பாலில் தோய்த்து ஊட்டுவாள். ஊட்டிய கையே குழந்தைக்குத் தீங்கு செய்கிறது என்பதை அவள் எவ்வாறு அறிவாள்?

பெரியவர்களுக்கும் இந்நோய் உண்டு. அவர்களிடத்தில் அது மாறுவேஷம் பூண்டு வரும். வயிற்றுக் கோளாறே இல்லாமல், எத்தனை இரும்புச் சத்து மருந்து சாப்பிட்டாலும் நீங்காத ரத்த சோகையாகத் தோன்றலாம். அற்ப விபத்திலும் எலும்பு முறிகிற பலவீனமாகத் தோன்றலாம். காரணம் தெரியாத ஆயாசமாகவும் இருக்கலாம்.

அரிசியை விலக்கி ரொட்டியை அனுமதித்த வைத்தியர்

நவீன வைத்தியத்தில் இந்நோயை முதன்முதல் தெளிவாக எழுதியவர் லண்டனில் ஸாமுவேல் ஜீ என்பவர். குழந்தைகள் ஆஸ்பத்திரியில் அவர் 1887-இல் செய்த பிரசங்கம் மறு வருஷம் அச்சாயிற்று. இந்நோய்க்குக் குணம் என்று ஒன்று இருக்குமானால் அது ஆகாரத்தின் மூலமாகவே கிட்ட வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. எவ்வளவு சரியான முடிவு! ஆனால் எந்த ஆகாரம்? அங்கேதான் அந்தப் பெரியவர் தடம் புரண்டார். மாவுப் பண்டங்களைக் குறைக்கச் சொன்னார், அதுவரை சரிதான். ஆனால் அரிசியும் ஜவ்வரிசியும் ஆகவே ஆகா என்று தள்ளிவிட்டு, ரொட்டியை மெல்லியதாக நறுக்கி இரு புறமும் நன்றாக வாட்டிக் கொடுக்கலாம் என்று அனுமதித்தார். குற்றமற்ற அரிசிக்குத் தண்டனை; குற்றவாளிக்கு விடுதலை!

அவர் குறிப்பிட்ட இன்னொரு குழந்தையின் கதை வேடிக்கையானது. தினந்தோறும் ஒரு பெரிய அளவு ஹாலந்துச் சிப்பி மாமிசம் ஊட்டப்பட்ட அக்குழந்தை அதிசயமாகத் தேறிற்று. சிப்பிப் பருவம் போனதும் மறுபடி நோய் கண்டது. அடுத்த பருவத்தில் சிப்பி வந்தபோது, குழந்தை அதைத் தொடவே மறுத்துவிட்டது. சிப்பியில் ஏதோ மகிமை இருக்கிறதென்று அக்காலத்தார் எண்ணியிருக்கக் கூடும். சிப்பியால் வயிறு நிரம்பியபோது ரொட்டிக்கு அதிகம் இடமில்லாமல் போயிருக்கும் என்று இன்றைக்கு நமக்குத் தோன்றுகிறது.

அடுத்தபடி, அமெரிக்காவில் ஸிட்னி ஹாஸ் என்ற குழந்தை வைத்தியர் 1924-இல் வாழைப்பழ வைத்தியத்தை வெளியிட்டார். அவர் அப்போது எழுதிய பத்துக் குழந்தைகளில், வாழைப்பழப் பத்தியத்தில் வைத்த எட்டுப் பேர் தேறினர். அவ்வைத்தியம் பெறாத இருவர் இறந்தனர். வாழைப்பழத்தின் புகழ் எங்கும் பரவிற்று. உண்மையிலேயே அந்தப் பத்தியம் அநேகம் உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஏனென்றால் அதில் ரொட்டியும் மற்றத் தானியங்களும் விலக்கப்பட்டிருந்தன.

ஆனால் காரணம் தவறாயிருந்தால், சரியான வைத்தியமும் பாதி வழியில் கைவிட்டுவிடும். வாழைப்பழமே நோயைத் தீர்த்துவிட்டது என்று நம்பியபடியால், தேறிய குழந்தைகளுக்குச் சில வருஷங்களுக்குப் பின் தாராளமாக ரொட்டி கொடுத்தார்கள். உள்ளே நெருப்பு மறுபடியும் கனியலாயிற்று. தட்டில் சேர்த்த பொருளின் மகிமையைப் பாடிய வைத்தியர்கள், தட்டிலிருந்து நீங்கிய பொருளை நினைத்துப் பார்க்கவில்லை.

ஒரு தாயின் வார்த்தை

டிக்கேக்குக் கோதுமையின்மேல் சந்தேகம் விழுந்தது யுத்தத்துக்கு முன்பே. ஒரு தாய் தன் குழந்தைக்கு ரொட்டியை நிறுத்தியபோது உடம்பு நன்றாகிவிட்டதென்றும், திரும்பக் கொடுத்தபோது கெட்டதென்றும் அவரிடம் சொன்னதாகக் கூறுவர். வைத்தியர்களிடம் தாய்மார் எத்தனையோ சொல்வதுண்டு. காது கொடுத்துக் கேட்பவர் சிலரே. டிக்கே கேட்டார். 1941-லேயே இந்நோய்க்கு உரிய எளிய ஆகார முறையைப் பற்றி ஒரு டச்சு வைத்தியப் பத்திரிகையில் எழுதினார்.

பசிக் குளிர்காலம் அவருடைய சந்தேகத்துக்கு வலுவளித்தது. ஆயினும் அவர் அதையே முடிந்த சாட்சியமாகக் கொள்ளவில்லை. பஞ்ச காலத்தில் மாறியது ரொட்டி மட்டுந்தானா? எத்தனையோ மாறின. ஆதலால் யுத்தம் முடிந்த பின், சில நோயாளிக் குழந்தைகளை நீண்ட காலம் தம் மேற்பார்வையில் வைத்து, கோதுமையை நிறுத்தியும் திரும்பக் கொடுத்தும் பார்த்தார். ஒவ்வொரு முறையும் எடையையும் வளர்ச்சியையும் குறித்துக்கொண்டார். தின்ற கொழுப்பில் எவ்வளவு உடம்பில் சேராமல் மலத்தோடு கழிகிறது என்று அளந்தறியும் முறையை வான் டெ காமர் என்ற ரசாயன நிபுணர் வகுத்துக் கொடுத்தார். கோதுமை போனால் கழிவு குறைந்து எடை ஏறியது. கோதுமை வந்தால் கழிவு மிகுந்து எடை இறங்கியது. ஊகத்துக்கு இடமில்லை. 1950-இல் உட்ரெக்ட் சர்வகலாசாலையில் இந்த ஆராய்ச்சியையே தம் பட்டத்துக்கு உரிய நூலாக ஸமர்ப்பித்தார்.

பிறகு கோதுமையில் எந்தப் பகுதி குற்றவாளி என்ற கேள்வி எழுந்தது. டிக்கேயும், வான் டெ காமரும், வெய்யர்ஸ் என்ற வைத்தியரும் சேர்ந்து கோதுமையைப் பகுத்துப் பார்த்து, 1953-இல் முடிவை வெளியிட்டார்கள்.

அந்தப் பகுப்பை நம் வீட்டுப் பெண்மணிகள் நன்கு அறிவார்கள். அல்வாக் கிளறுவதற்காக மைதாவைப் பிசைந்து உருட்டித் தண்ணீரில் வைத்துக் கசக்கினால், வெண்மையான பால் பிரிகிறது. கையில் ரப்பர் போன்ற பிசின் மிஞ்சுகிறது. பாலில் இருப்பது ஸ்டார்ச்சு. பிசின்தான் "க்ளூட்டன்" என்னும் புரதம். ஸ்டார்ச்சு நோயாளிக் குழந்தைகளுக்குத் தீங்கு செய்யவில்லை; பிசின் தீங்கு செய்தது. பாலில் எடுத்ததாயிற்றே, அல்வா ஆகுமோ என்று நேயர்கள் கேட்கலாம். ஆகாது. வீட்டில் கசக்கிப் பிரிப்பதில் பிசின் முழுவதும் நீங்கிவிடுவதில்லை. இந்த நோயாளிகளுக்கோ அற்ப அளவும் அதிகம்.

1952-லேயே இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்தில் சார்லட் ஆண்டர்சன் என்ற பெண் வைத்தியரும் அவருடைய சகாக்களும் தனியே ஆராய்ந்து டிக்கேயின் முடிவை உறுதி செய்திருந்தார்கள். டிக்கே தமது ஐம்பத்தேழாவது வயதில், 1962-இல் காலமானார். நீண்ட ஆயுள் பெறவில்லை. ஆனால் அவருக்குப் பின் ஆயுள் பெற்ற குழந்தைகளுக்குக் கணக்கில்லை.

உள்ளே நடக்கும் யுத்தம்

கோடிக்கணக்கான ஜனங்கள் தினந்தோறும் தின்கிற கோதுமை, ஒரு சிலருக்கு மட்டும் ஏன் பகையாக வேண்டும்?

நம் சிறுகுடலின் உட்புறம் வெல்வெட்டுத் துணியைப் போன்றது. கண்ணுக்குத் தெரியாத லக்ஷோபலக்ஷம் நுண்ணிய விரல்கள் அங்கே நெருங்கி நிற்கின்றன. உண்ட உணவின் சாரத்தை உறிஞ்சி ரத்தத்தில் சேர்ப்பவை அவையே. க்ளூட்டன் எவருக்கும் முழுவதும் ஜீரணமாவதில்லை. சில துண்டுகள் மிஞ்சுகின்றன. பெரும்பாலோருக்கு அவற்றால் கெடுதல் இல்லை. குறிப்பிட்ட ஒரு பிறவி அமைப்பு உடையவர்களில் சிலருக்கு, அத்துண்டுகளைக் கண்டதும் உடம்பின் காவற்படை பகைவன் புகுந்துவிட்டதாக எண்ணிப் படையெடுக்கிறது. காவலாளி குடித்தனக்காரனையே அடிக்கிற கதைதான். குடலின் உட்சுவர் அழன்று புண்ணாகிறது. நுண்விரல்கள் தேய்ந்து, வெல்வெட்டு இருந்த இடம் வெறும் கட்டாந்தரையாகிவிடுகிறது. அப்புறம் எத்தனை நெய்யும் பாலும் வார்த்தாலும் ஓட்டைக் குடத்தில் வார்த்த கணக்கே.

நோயாளியின் குடல் இப்படித் தேய்ந்திருப்பதை 1954-இல் பாலி என்ற ஆங்கில வைத்தியர் எடுத்துக் காட்டினார். கோதுமையை நிறுத்தினால் இந்த விரல்கள் மறுபடி தளிர்க்கின்றன. குழந்தைகளுக்கு இது விரைவாகவும், பெரியவர்களுக்குச் சற்றுத் தாமதமாகவும் நிகழும். வாற்கோதுமையும், ஐரோப்பியர் உண்ணும் ரை என்ற தானியமும் கோதுமைக்கு நெருங்கிய உறவாதலால் அவையும் விலக்கு.

பிறவி அமைப்பு என்றோம். அது தாய் தந்தையரிடமிருந்து வருவது. நிபுணர்கள் அதை டி.க்யூ. 2, டி.க்யூ. 8 என்று குறிப்பிடுகிறார்கள். ஒரு வீட்டில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால், பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகள் இவர்களில் பத்தில் ஒருவருக்கேனும் இருக்கக் கூடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆயினும் இந்த அமைப்பு உடையவர்கள் எல்லோரும் நோயாளிகளல்லர். மூன்று பேரில் ஒருவருக்கு இவ்வமைப்பு இருக்கிறது. நோய் வருவதோ நூற்றில் ஒருவருக்குத்தான். விதை பரம்பரையாக வருகிறது. தண்ணீர் தட்டிலிருந்து பாய்கிறது. தண்ணீர் பாய்ந்த இடமெல்லாம் விதை முளைத்துவிடுவதில்லை. தண்ணீரே பாயாத இடத்திலோ முளைக்க வழியே இல்லை.

வடக்கும் தெற்கும்

நெடுங்காலம் இது வெள்ளைக்காரக் குழந்தைகளின் நோய் என்றே எண்ணியிருந்தார்கள். வட இந்தியக் குழந்தைகளிடம் இந்நோய் இருப்பதை நம் வைத்தியர்கள் 1966-இல் ஆங்கில வைத்தியப் பத்திரிகையில் எடுத்துக் காட்டினார்கள். அதற்குப் பின்னும், மெலிந்த குழந்தையைக் கண்டால் வறுமை என்றும், வயிற்றுப் போக்கைக் கண்டால் கெட்ட தண்ணீர் என்றும் தீர்ப்பளித்துவிடுவது சுலபமாயிருந்தது. வறுமையும் கெட்ட தண்ணீரும் மலிந்த தேசத்தில், மூன்றாவது காரணம் ஒன்று மறைந்திருப்பது யார் கண்ணில் படும்?

2016-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி நம் கவனத்துக்கு உரியது. வட இந்தியா, வடகிழக்கு, தென்னாடு ஆகிய மூன்று பகுதிகளிலும் 23,000-க்கு மேற்பட்ட ஆரோக்கியமான மனிதர்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். வடக்கே ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவருக்கு இந்நோய்க்குரிய அறிகுறி ரத்தத்தில் காணப்பட்டது. தெற்கிலோ ஆயிரத்துக்கு ஒருவர்தான். அப்படியானால் தென்னாட்டாரின் பிறவி அமைப்பு வேறா? அதையும் சோதித்தார்கள். வடக்கே நூற்றுக்கு 38 பேருக்கும், தெற்கே நூற்றுக்கு 36 பேருக்கும் அதே அமைப்பு இருந்தது. விதை இரண்டிடத்திலும் ஒன்றே! தினசரி கோதுமை உண்ணும் அளவில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். வடக்கே சராசரி 455 கிராம், தெற்கே 25 கிராம்.

வடகிழக்கில் கோதுமை உண்ணும் அளவு தெற்கைவிடச் சற்றே அதிகம். நோயோ தெற்கைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தது. ஆதலால் அளவு ஒன்றே முழுக் கணக்கையும் தீர்த்துவிடுவதில்லை. இன்னும் வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் தென்னாட்டார் இந்த நோய்க்கு அந்நியர் என்ற எண்ணத்துக்கு இனி இடமில்லை. நம்மிலும் மூன்றில் ஒருவர் அந்த விதையைச் சுமக்கிறோம். நம் பாட்டிமார் காலத்தில் கோதுமை என்பது எப்போதாவது ரவா கேசரியாகவும் அல்வாவாகவும் இலையில் விழுந்தது. இன்றோ காலையில் ரொட்டி, மாலையில் பிஸ்கோத்து, இரவில் சப்பாத்தி, வீதிக்கு வீதி பரோட்டா என்று ஆகியிருக்கிறது. வளராத குழந்தையையும் தீராத ரத்த சோகையையும் காணும்போது, தென்னாட்டு வைத்தியரும் குடும்பத்தாரும் இந்நோயை ஒரு முறை நினைத்துப் பார்ப்பது நலம்.

பத்தியமே மருந்து

நம் நாட்டு வைத்தியத்தில் மருந்து ஒன்று, அதற்குத் துணையாகப் பத்தியம் ஒன்று. இந்த நோயிலோ பத்தியமே மருந்து, வேறு மருந்தில்லை. ஆனால் அது ஒரு மண்டலப் பத்தியமல்ல, ஆயுட்காலப் பத்தியம். "எப்போதாவது ஒரு வாய் தின்றால் என்ன?" என்ற கேள்விக்கு இங்கே இடங்கொடுக்கலாகாது. நாள்தோறும் ஒரு கிராமில் இருபதில் ஒரு பங்கு க்ளூட்டன் உட்சென்றாலும் சில மாதங்களில் குடல் கெடுவதைச் சோதித்துக் கண்டிருக்கிறார்கள். ஒரு துண்டு ரொட்டியில் அதைப்போலப் பல மடங்கு இருக்கிறது.

அரிசி உண்ணும் நமக்கு இந்தப் பத்தியம் பெரும்பாலும் எளிது. இட்லி, தோசை, இடியாப்பம், புட்டு, ஆப்பம், அடை, கொழுக்கட்டை எல்லாம் ஆகும். கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு ஆகியவற்றிலும் தோஷமில்லை. ஒரு பஞ்சாபித் தாய்க்கு அடுப்பங்கரையையே மாற்றி அமைக்க வேண்டியிருக்கும். நமக்குப் பழைய வழக்கத்துக்குத் திரும்பினாலே பாதி காரியம் முடிந்தது.

மற்றப் பாதிதான் சூக்ஷ்மமானது. ரவையும், சேமியாவும், மைதாவும் கோதுமையே என்பதைச் சிலர் மறந்துவிடுகிறார்கள். ரவா இட்லியில் பெயர்தான் இட்லி. முளை கட்டிய வாற்கோதுமையிலிருந்து செய்யும் மால்ட் பானங்கள் குழந்தைக்குப் பலம் தருவதாக விளம்பரமாகின்றன. இந்தக் குழந்தைக்கு அவை ஆகா. எல்லாவற்றிலும் வியப்பு பெருங்காயம்! கடையில் விற்கும் கட்டிப் பெருங்காயத்திலும் தூளிலும் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கிறது. நாள்தோறும் சாம்பாரிலும் ரசத்திலும் ஊரிலில்லாத உபத்திரவம் ஒளிந்து வருகிறது. அரிசி மாவு கலந்த பெருங்காயமும் கிடைக்கிறது. பொட்டலத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்து வாங்க வேண்டும். அரைக்கும் இடமும் முக்கியம். மாவு மிஷினில் முன்னால் ஒருவர் கோதுமை அரைத்துச் சென்றபின் நம் அரிசியைப் போட்டால், அந்த மாவும் இதில் கலந்துவிடும். வீட்டிலேயே தனியாக அரைத்துக்கொள்வது உத்தமம். சப்பாத்தி சுட்ட கல்லிலும், மாவு தேய்த்த பலகையிலும் குழந்தையின் பண்டத்தை வைக்கலாகாது.

குழந்தைக்குப் பசியைவிடப் பெரிய சோதனை பந்தியில்தான் வருகிறது. கலியாண வீட்டிலும் பிறந்த நாள் விருந்திலும் பாட்டியும் அத்தையும் அன்பினால் ஒரு துண்டு கேக்கை வாயில் திணிக்க வருவார்கள். "ஒரு வாய்தானே" என்பார்கள். அன்புக்கு மறுப்புச் சொல்லத் தெரியாத குழந்தையின் சார்பில் பெற்றோர் உறுதியாக நிற்க வேண்டும்; உறவினரும் அதை அவமதிப்பாகக் கொள்ளலாகாது. அக்குழந்தைக்கென்று ஒரு தட்டுக் கொழுக்கட்டை செய்து வைப்பதைவிட உயர்ந்த உபசாரம் ஏது?

இரண்டு எச்சரிக்கைகள்

கடைசியாக இரண்டு எச்சரிக்கைகள் சொல்ல வேண்டும்.

முதலாவது, இதைப் படித்தவுடன் சந்தேகத்தின் பேரில் வீட்டிலுள்ளவர்களுக்குக் கோதுமையை நிறுத்திவிடலாகாது. நோயை அறிய ரத்தப் பரிசோதனை இருக்கிறது. அவசியமானால் மெல்லிய குழாயை வாய் வழியே செலுத்திக் குடலின் ஓர் அணுவளவுத் துணுக்கை எடுத்துப் பார்ப்பார்கள். கோதுமை உண்டுகொண்டிருக்கும்போது சோதித்தால்தான் இவை உண்மை சொல்லும். முன்கூட்டியே நிறுத்திவிட்டால் குடல் ஆறத் தொடங்கிச் சாட்சியம் அழிந்துவிடும். ஆயுள் முழுவதும் காக்க வேண்டிய பத்தியம் வேண்டுமா வேண்டாமா என்பது தெரியாமலே போகும். முதலில் வைத்தியர், பிறகு பத்தியம்.

இரண்டாவது, கோதுமையின்மேல் பொதுவாகப் பழி சுமத்த வேண்டாம். க்ளூட்டன் நீக்கிய பண்டங்களை நாகரிகமாகக் கருதி அதிக விலை கொடுத்து வாங்குவோர் இக்காலத்தில் உண்டு. இந்நோயோ, கோதுமையால் வரும் வேறு ஒவ்வாமையோ இல்லாதவருக்கு அதனால் விசேஷ லாபம் எதுவும் இல்லை. பஞ்சாபின் வயல்களில் விளைகிற தானியம் பெரும்பாலோருக்கு நல்ல உணவே.

பரம்பரையாக வரும் நோய் என்றால் நம்மவர் பெருமூச்செறிந்து, "தலையெழுத்து" என்று சொல்லிவிடுவது வழக்கம். இந்த ஒரு நோயிலாவது தலையில் எழுதியதைத் தட்டில் அழிக்கலாம் என்று டிக்கே காட்டினார். ரொட்டி கிடைக்காத அந்தக் கொடிய குளிர்காலத்தில் தேறிய குழந்தைகளை அவர் அதிசயம் என்று வியந்ததோடு விட்டிருக்கலாம். அவர் விடவில்லை, ஏன் என்று கேட்டார். அந்தக் கேள்வியின் பலனை நம் வீட்டுக் குழந்தை ஒன்று இன்றைக்கு அனுபவிக்க வேண்டுமானால், அதன் தட்டில் என்ன விழுகிறது என்பதைத் தாய் மட்டுமல்ல, வீட்டார் அனைவரும் அறிந்திருக்க வேண்டும்.